எங்கே விட்டாலும் படிக்கிற பிள்ளை

என் மகளைப் பற்றி எங்கள் ஊரில் யார் கதைத்தாலும் கடைசியில் ஒரே வசனத்தில் வந்து நிற்பார்கள். “உங்கட பிள்ளைக்கென்ன, எங்க விட்டாலும் படிக்கும்.” நான் வேலை செய்யும் தபால் கந்தோருக்கு முத்திரை வாங்க வருகிறவர்கள் சொல்வார்கள். கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்வார்கள். மீன் வாங்கப் போனால் தராசைத் தூக்கிப் பிடித்தபடி சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் உண்மையான அன்பு இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனம் காதில் விழுந்த உடனே எனக்குக் கோபம் உச்சியில் ஏறும்.

எங்கே விட்டாலும் படிக்கும் என்றால் எங்கேயும் விடலாம் என்றுதானே அர்த்தம். மாட்டைப் பற்றித்தான் இப்படிக் கதைப்பார்கள். நல்ல மாடு, எங்கே கட்டினாலும் மேயும் என்பார்கள். பிறகு புல் இல்லாத இடமாகப் பார்த்து அதைக் கட்டுவார்கள். புல் உள்ள இடத்தை நோஞ்சான் மாட்டுக்காவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை.

கொட்டியாரக்குடாவின் இந்தக் கரையில் எங்கள் ஊர். வயல் பாதி, கடல் பாதி. கரையில் போய் நின்றால் தண்ணீருக்கு அப்பால் திருகோணமலை டவுன் தெரியும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எங்கள் கண் முன்னால்தான் திரும்பும். கண்ணுக்குத் தெரிகிற அந்த ஊருக்குப் போவதென்றால் பஸ் ஏறி, மூதூர், கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் படித்த காலத்தில் பாலங்களும் இல்லை. சண்டைக் காலம், வழி முழுக்கச் சோதனைச் சாவடி. எனக்குக் கணக்கு நன்றாக வரும். பதினொராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தேன். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். டவுனில் விடுதியில் விட வீட்டில் பயந்தார்கள். என்னைப் பற்றியும் அப்போது இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். எங்கே விட்டாலும் படிப்பாள் என்றார்கள். இந்து நாகரிகமும் புவியியலும் படித்தேன். இப்போது முத்திரை விற்கிறேன்.

என் மகள் இப்போது பத்தாம் ஆண்டு. பாலம் வந்துவிட்டது, காப்பெற் றோட் வந்துவிட்டது, சாவடிகள் போய்விட்டன. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணிதப் பிரிவு மட்டும் இன்னும் வரவில்லை. பதினொராம் ஆண்டுச் சோதினை முடிந்ததும் கணிதம் படிக்க விரும்புகிற பிள்ளை டவுனுக்குத்தான் போக வேண்டும். மகளுக்கு எஞ்சினியராக வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டதோடு நில்லாமல் பாலம் கட்டுகிற எஞ்சினியர் என்று துறையையும் தெரிவு செய்து வைத்திருக்கிறாள். போன முறை எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பிள்ளை, கணக்கில் ஏ எடுத்த பிள்ளை, டவுனுக்குப் போனது. ஒரு தவணைதான். திரும்பி வந்து கலைப் பிரிவில் இருந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். அங்கே உள்ள பிள்ளைகள் ஒன்பதாம் ஆண்டிலேயே இதையெல்லாம் படித்துவிட்டார்களாம், வாத்தியார் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குகிறாராம், தனக்கு மட்டும் தலையும் விளங்கவில்லை வாலும் விளங்கவில்லையாம். அந்தப் பிள்ளையைப் பற்றியும் இந்த ஊர் அதே வசனத்தைச் சொல்லித்தான் வழியனுப்பியது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் பெரும்பாலும் டவுனில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் சேர்ந்து ஒரு வாடகை வான் பிடித்து அந்த வண்டியில் வந்து போகிறவர்கள். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தால் வான் நிற்காது. ஒருவர் லீவு என்றால் வகுப்பைப் பார்க்க ஆளில்லை. ஆளில்லாத வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையின் கையில் சோக்கைக் கொடுத்துக் கரும்பலகைக்கு அனுப்பிவிடுவார்கள். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தை விட ஒழுங்காக நடக்கும். என் மகளுக்கு ஆறாம் ஆண்டில் சோக் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். குரலும் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை வரைக்கும் கேட்கும். அதோடு அவளைக் குழுத்தலைவி ஆக்கி, மெல்லப் படிக்கிற இரண்டு பிள்ளைகளை இந்தப் பக்கமும் இரண்டு பிள்ளைகளை அந்தப் பக்கமும் இருத்திவிட்டார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்துவது அவள் பொறுப்பு. அவர்களுக்கு விளங்காவிட்டால் ஏச்சு வாங்குவதும் அவள்தான்.

என் மனுசன் வயல் செய்கிறவர், வாய் அதிகம் திறக்காதவர். அவருக்கே இதில் பெருமை. எங்கட வீட்டில ஒரு ரீச்சர் இருக்கிறா என்று வருகிறவர்களிடம் சொல்வார். ரீச்சருக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததோ என்று நான் கேட்பேன். அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவளிடம், இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டேன். சும்மா எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்விதான். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“படிக்கேல்லை அம்மா. படிப்பிச்சனான்.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது நாள் முழுக்க மண்டைக்குள் நின்றது.

இந்த வருடம் கிண்ணியாவில் இருந்து ஒரு கணித ஆசிரியை புதிதாக வந்தார். இளம் பிள்ளை. வந்த வேகத்தில் அதிபரிடம் ஒரு யோசனை சொன்னார். பத்தாம் ஆண்டில் கணக்கில் முன்னுக்கு நிற்கிற பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் ஒரு மேல்வகுப்பு வைக்கலாம், பாடத்திட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போகலாம், டவுனுக்குப் போனால் பயப்படாமல் இருப்பார்கள் என்றார். அந்த இரண்டு நாளும் தான் வானில் போகாமல் பஸ்ஸில் போவதாகவும் சொன்னார். கேட்டதும் எனக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நல்ல காரியம் ஒன்று தானாக நடக்காது, அதற்கு முதலில் ஒரு கூட்டம் போட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும்பினவர் பழைய மாணவர் சங்கச் செயலாளர். சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், நன்றாகக் கதைப்பார். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான் என்றார். கெட்டிக்காரன், மொக்கன் என்று பிரிக்கிற வேலை எங்கள் மண்ணில் வேண்டாம் என்றார். பிரிவினையால் நாங்கள் பட்டது போதாதா என்று வேறு கேட்டார். சனம் கை தட்டியது. எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. விடியப்புறம் வானில் ஏறி டவுனுக்குப் போகிறார்கள். அதை அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், கை தட்டினவர்களுக்கும் தெரியும்.

நான் எழும்பினேன். “அண்ணை, நீங்கள் உங்கட பிள்ளையளைப் பிரிச்சு டவுனில விட்டு எத்தினை வருசம். அங்க பள்ளிக்கூடத்தில ஏ வகுப்பு, பின்னேரம் ரியூசன். எங்கட பிள்ளையளுக்கு எண்டா மட்டும் எல்லாரும் ஒண்டோ?”

உபதேசம் எப்போதும் ஊருக்குத்தான். மேல்வகுப்பு கூடாது என்று சொல்கிற ஆட்களில் தங்கள் பிள்ளைக்கு மேல்வகுப்பு வைக்காத ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. காசு கொடுத்து வாங்கினால் அதற்கு ரியூசன் என்று பெயர், அதில் சமத்துவம் கெடாது. அதையே ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம் வயல்காரன் பிள்ளைக்குச் சும்மா கொடுத்தால் உடனே சமத்துவம் கெட்டுப்போய்விடும். இதை நான் அன்றைக்கு இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. செயலாளர் நான் கதைத்தது கேட்காதது போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழும்பினா. கருவாடு போடுகிறவ, அவவின் மகள் என் மகளுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிற நாலு பேரில் ஒருத்தி. அவ என்னைப் பார்த்துத்தான் கேட்டா. “என்ர பிள்ளைக்கு உங்கட மகள்தான் கணக்கு விளங்கப்படுத்திறவ. அவ மேல்வகுப்புக்குப் போனா என்ர பிள்ளைக்கு ஆர்?”

செயலாளரின் கேள்வி எனக்குக் கோபத்தைத் தந்தது. இந்த அக்காவின் கேள்வி என்னை நிறுத்திப்போட்டது. அதில் பொய் இல்லை. பிறகு சொன்னேன், “உங்கட பிள்ளைக்கு ஒரு ரீச்சர் வேணும் அக்கா. என்ர மகள் ரீச்சர் இல்லை, அவவுக்கும் பதினஞ்சு வயசுதான்.”

அப்ப அதையும் சேர்த்துக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டு அக்கா கதிரையில் இருந்துவிட்டா. கேட்டேன். மெல்லப் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு பின்னேர வகுப்பு வேண்டும், அதற்கும் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும் என்று அதிபரிடம் அங்கேயே கேட்டேன். அதிபர் பார்ப்போம் என்றார். எங்கள் பக்கத்தில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்வகுப்புக்கு மட்டும் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தது. தவணைச் சோதினையில் கணக்குக்கு எழுபத்தைந்துக்கு மேல் எடுக்கிற பிள்ளைகளைச் சேர்ப்பது, ஒருவருக்கும் சலுகை இல்லை என்று முடிவாயிற்று. எனக்கு அது சரியென்றே பட்டது. என் மகள் எண்பதுக்குக் குறைந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

தவணைச் சோதினை முடிந்து, ஒரு நாள் காலைக் கூட்டத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வாசித்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றி, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, என்ர பேர் வரேல்லை அம்மா என்றாள். எழுபத்தொன்றாம். நான் விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். செய்த கணக்கெல்லாம் சரி. கடைசி இரண்டும் வெறும் தாள்.

இது தெரியாதா என்று கேட்டேன். தெரியும், மணி அடித்துவிட்டது என்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு மணி அடிக்கவில்லையா என்று கேட்டேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை குசினி வாசலில் நின்றது. மகளோடு ஒரே வகுப்பு, மேல்வகுப்புக்குப் பெயர் வந்த பிள்ளை. அதுதான் சொன்னது. வினாத்தாள் எல்லோருக்கும் காணாதாம், படி எடுக்கிற மெசினில் மை முடிந்துவிட்டதாம். அதனால் வழக்கம்போல என் மகளை எழுப்பி, வினாத்தாளைக் கையில் கொடுத்துக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்களாம்.

“எல்லாக் கேள்வியும் அவதான் அன்ரி எழுதிப் போட்டவ. வட்டத்துக்கு நூல் பிடிச்சு, முக்கோணத்துக்கு அடிமட்டம் வைச்சுக் கீறினவ. நாங்கள் பாத்துப் பாத்துச் செய்தனாங்கள்.”

வகுப்பு முழுக்க முதல் கேள்வியைச் செய்துகொண்டிருக்க, என் மகள் இரண்டாம் கேள்வியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்கள் இரண்டைச் செய்ய, இவள் மூன்றை எழுதியிருக்கிறாள். எல்லாம் எழுதி முடித்துக் கையைத் தட்டிவிட்டு வந்து தன் பேனையைத் திறந்தபோது மற்றவர்கள் பாதித் தாள் தாண்டிவிட்டார்கள். கூட ஒரு நிமிடம் யாரும் கொடுக்கவில்லை. மணி அடித்தால் வான் வெளிக்கிட்டுவிடும். வகுப்பில் கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையிடம் கேள்வியை எழுதுகிற வேலையைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தச் சோதினையை வைத்தே அவளுக்குக் கணக்கில் கெட்டித்தனம் காணாது என்று தள்ளிவிட்டார்கள். இதில் யாரும் சதி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சதி செய்திருந்தால் ஒருவரையாவது பிடித்து ஏசலாம். இங்கே அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும், ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் ஏன் என் மகளுக்கும்கூட, அவளும் சோதினை எழுத வந்தவள் என்பது தோன்றவில்லை.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு அதிபரிடம் போனேன். அவர் நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேண்டும். தேத்தண்ணி எடுப்பித்தார், ஃபானைப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஓம், மகளுடைய எழுத்து அச்சுப் போல என்று பாராட்டினார். அவளுக்கு மட்டும் திரும்பச் சோதினை வையுங்கள் என்று கேட்டேன். ஒருவருக்கு வைத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள், செயலாளர் என்னைத் தின்றுவிடுவார் என்றார். அடுத்த தவணைச் சோதினைக்குப் பிறகு திரும்பவும் தெரிவு நடக்கும், அதுவரைக்கும் பொறுங்கள் என்றார். கணித ஆசிரியையும் அங்கே வந்தார். சோதினை நாளில் அவர் லீவில் நின்றிருக்கிறார். கேட்டதும் அவர் முகம் கறுத்துப்போனது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் சேர் என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். அதிபர் தலையை ஆட்டவில்லை. என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, ஆறுதலாகத் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்.

“நீங்கள் ஏன் தங்கச்சி யோசிக்கிறீங்கள். உங்கட பிள்ளை எங்க விட்டாலும் படிக்கும்.”

அன்றைக்கு நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை முழுவதும் எழுத மாட்டேன். குடித்த தேத்தண்ணிக்காவது மரியாதை வேண்டும். வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, அது எங்கே விட்டாலும் சாப்பிடும் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டேன்.

அந்தத் தவணை முழுக்க எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேல்வகுப்பு நடக்கிற நாட்களில் மகள் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். பொழுதுபட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொப்பியோடு வந்து நிற்கும். மேல்வகுப்பில் கொடுத்த வீட்டுவேலை. அதற்குச் செய்யத் தெரியாது, என் மகளிடம் கேட்க வந்திருக்கிறது. முதல் நாள் எனக்கு அந்தப் பிள்ளையைத் துரத்திவிட வேண்டும் போல இருந்தது. வகுப்புக்குள் விடாத பிள்ளையிடம் வகுப்பு வேலையைக் கொண்டுவந்து செய்விக்கிற அநியாயம் வேறு எந்த ஊரில் நடக்கும்? என் மகளைப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. கொப்பியைப் பறிக்காத குறையாக வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

“இது புதுசு அம்மா,” என்றாள். “இதை நான் இன்னும் காணேல்லை.”

பசித்த பிள்ளை சோற்றைப் பார்க்கிற முகம் அது. ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்போது வந்தாலும் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கொப்பியில் ஆசிரியை எப்படி விளங்கப்படுத்தினார் என்பது இருக்காது, வெறும் கணக்குத்தான் இருக்கும். சில கணக்குகளை மகள் தானே வழி கண்டுபிடித்துச் செய்தாள். சிலதில் நடுவழியில் நின்றுபோய், வழி தெரியாமல் கடதாசியைக் கசக்கி எறிந்தாள். அப்படிக் கசக்கி எறிகிற நாட்களில் மட்டும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டாள்.

ஒரு நாள் நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுத பிள்ளைக்குத்தான் பால். நீ அழாத பிள்ளை, அதனால்தான் உன்னை எல்லோரும் மறந்துபோகிறார்கள் என்றேன். சேர் சொன்னால் எப்படி ஏலாது என்று சொல்வது என்று கேட்டாள். கரும்பலகையில் எழுத உனக்கு மட்டும் ஏன் ஏலும் என்று நான் திருப்பிக் கேட்டேன். தாயும் மகளும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த தவணைச் சோதினைக்கும் வினாத்தாள் எல்லோருக்கும் போதவில்லை. அது எனக்கு அடுத்த நாள் தபால் கந்தோரில்தான் தெரிய வந்தது. பிரதி அதிபர் பதிவுத் தபால் அனுப்ப வந்தார். சோதினை மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், முதல் முறையும் அவர்தான் சோக்கைக் கொடுத்தவர். தபாலை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே, மகளைக் கொஞ்சம் அடக்கி வையுங்கோ தங்கச்சி என்றார். பிள்ளைக்குத் தலைக்கனம் கூடிவிட்டதாம். எத்தனையோ வருடச் சேவையில் ஒரு பிள்ளையும் தன்னிடம் இப்படிச் சொன்னதில்லையாம். என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லவும் ஒரு மாதிரி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்கள்.

வழக்கம்போல எழும்பி வந்து எழுது என்று அவர் சோக்கை நீட்டியிருக்கிறார். மகள் எழும்பவில்லையாம். இருந்த இடத்தில் இருந்தபடி, மரியாதையாகத்தான் சொன்னாளாம்.

“நான் சோதினை எழுத வந்தனான் சேர்.”

சொல்லிவிட்டுப் பேனை மூடியைக் கழற்றி மேசையில் வைத்தாளாம். கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆர் எழுதினது சேர் என்று கேட்டேன். நான்தான் எழுதினேன், வேறு யார் எழுதுவது என்றார். அவர் எழுதி முடிக்க நேரம் சென்றதாம். வட்டத்தை ஒரு தரம் பிழையாகக் கீறி அழித்துத் திரும்பக் கீறினாராம். எல்லாப் பிள்ளைகளும் காத்திருந்ததால் எல்லோருக்கும் சேர்த்து நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டியதாகப் போய்விட்டதாம். அப்ப வான் என்று கேட்டேன்.

வான் நின்றதாம்.

என் மகள் எழுதியபோது நில்லாத வான் அன்றைக்கு நின்றிருக்கிறது. நிற்கக்கூடிய வான்தான் அது, எப்போதும். ஒரு பிள்ளையின் நேரம் என்றால் யாருக்கும் கணக்கில்லை, எல்லோருடைய நேரமும் என்றதும் சாரதி எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறான். நான் பிரதி அதிபரின் தபாலை வாங்கி முத்திரை குத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான் குத்தினேன். இனியும் நீங்களே எழுதுங்கோ சேர், உங்கட எழுத்தும் வடிவுதானே என்று சொல்லிப் பற்றுச்சீட்டைக் கொடுத்தேன். வரிசையில் இரண்டாவதாக நின்ற கருவாட்டு அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா.

இப்போது ஊரில் அந்த வசனத்தை யாரும் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வாய் என்று சொல்கிறார்கள். தாயைப் போல என்றும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். கருவாட்டு அக்காவின் பிள்ளைக்குப் பின்னேர வகுப்பு இன்னும் வரவில்லை. அவவும் நானும் மாதம் ஒரு தரம் அதிபரின் கதவைத் தட்டுகிறோம். எங்களைக் கண்டால் அவர் இப்போது தேத்தண்ணி எடுப்பிப்பதில்லை.

மகளுக்கு மேல்வகுப்பு கிடைத்தது. புள்ளி எவ்வளவு என்று நான் இங்கே பெருமை அடிக்கப் போவதில்லை. முதல் நாள் வகுப்பு முடிந்து பொழுதுபடத்தான் வந்தாள். வந்த வேகத்தில் புத்தகப் பையைக் கதிரையில் எறிந்தாள், சாப்பாடு வேண்டாம் என்றாள், குசினி மேசையில் கொப்பியை விரித்துவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள். எழுதினாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். எனக்குப் பயம் வந்தது. என்ன பிள்ளை, வகுப்பில் யாரும் ஏதும் சொன்னதோ என்று கேட்டேன்.

“இது எனக்கு விளங்கேல்லை அம்மா.”

முதலாம் ஆண்டில் விட்டதில் இருந்து பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த எதைப் பற்றியும் இந்தப் பிள்ளையின் வாயில் இருந்து இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அவளுடைய அப்பா வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றவர், இதைக் கேட்டுவிட்டுக் கலங்கிப்போனார். தலையைப் போட்டு உடைக்காதே, விளங்காட்டி விடு, பிறகு நீயே யோசித்துக் கண்டுபிடிப்பாய் என்றார். மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏன் அப்பா நான் கண்டுபிடிக்கோணும்? நாளைக்கு ரீச்சரிட்டக் கேப்பன்.”